சேற்றில் சிக்கிய டிராக்டரின் முன்பக்கம் ஏன் தூக்கியது?

வாசகர் கேள்வி:

மன்னார்குடிக்கு அருகே எங்களுக்கு ஆறு ஏக்கர் நஞ்சை உள்ளது. சென்ற மாதம் குறுவைக்குச் சேற்றுழவு செய்தபோது, 45 குதிரைத்திறன் கொண்ட எங்கள் டிராக்டர் வாய்க்காலை ஒட்டிய மூலையில் புதைந்து நின்றுவிட்டது. வீட்டு மனையை மேடாக்குவதற்காகச் சில ஆண்டுகளுக்கு முன் மண் எடுத்து, பிறகு வேறு மண் போட்டு நிரவிய மூலை அது. ஓட்டியவன் என் மகன், வயது 22. உதவிக்கு வந்தவர்கள் பின்சக்கரத்தின் குறுக்கே பனங்கட்டை ஒன்றைச் சங்கிலியால் கட்டி, முன்னோக்கி எடுக்கச் சொன்னார்கள். முன்பக்கம் தூக்காமலிருக்க இரண்டு பையன்கள் பம்பர்மீது ஏறி நின்றார்கள். அப்படியும் முன்சக்கரங்கள் இடுப்பு உயரத்துக்கு எழும்பின. மகன் கிளட்சை மிதித்ததால் வண்டி கீழே இறங்கியது. பிறகு இன்னொரு டிராக்டரில் நைலான் கயிறு கட்டி இழுத்தபோது கயிறு அறுந்து, வரப்பில் நின்றவரின் முழங்காலில் அடித்தது. மாலையில் சங்கிலி கொண்டுவந்து ஒருவழியாக வெளியே எடுத்தார்கள். என் கணவர், "சேற்றில் இதெல்லாம் சகஜம், நான்கு சக்கர இழுவை உள்ள வண்டி வாங்கினால் தீர்ந்துவிடும்" என்கிறார். எனக்கு மனம் ஆறவில்லை. மகனை இனி ஓட்டவிடலாமா? அடுத்த முறை சிக்கினால் என்ன செய்வது?

வேளாண்மைப் பொறியாளரின் பதில்:

மதிப்பிற்குரிய அம்மையீர், வணக்கம்.

டெல்டாவின் களிமண்ணில் டிராக்டர் சிக்குவது சகஜம் என்று தங்கள் கணவர் சொல்வதை நான் மறுக்கவில்லை. புதைந்து நிற்கும் டிராக்டர் தானாக யாரையும் எதுவும் செய்துவிடுவதில்லை. அதை உடனே வெளியே எடுத்தாக வேண்டும் என்று நாம் அவசரப்படும் நேரத்தில்தான் ஆபத்து தொடங்குகிறது. தங்கள் கடிதத்தில் உள்ள மூன்று நிகழ்வுகளில் வண்டி புதைந்தது சகஜம். முன்சக்கரம் எழும்பியதும் கயிறு அறுந்ததும் சகஜமல்ல. அவை இரண்டும் உயிரைப் பறித்திருக்கக்கூடியவை. ஆகவே தங்கள் மனம் ஆறாமல் இருப்பதில் நியாயம் இருக்கிறது.

முன்பக்கம் ஏன் தூக்கியது என்பது புரிந்துவிட்டால் மற்றவை தாமாகவே விளங்கும். எஞ்சினின் விசை கியர்களின் வழியாகப் பின் ஆக்சிலை முறுக்குகிறது. சக்கரம் சுழல முடிகிற வரையில் அந்த முறுக்கு வண்டியை முன்னே நகர்த்தும், அல்லது சக்கரத்தை வெறுமனே சேற்றில் சுழல வைக்கும். சக்கரம் எதிலாவது மாட்டிக்கொண்டு சுழல முடியாமற்போனால், அதே முறுக்கு, சக்கரத்துக்குப் பதிலாக, பின் ஆக்சிலை அச்சாகக் கொண்டு வண்டியின் உடலையே சுழற்றத் தொடங்கும். எஞ்சின் இருக்கும் முன்பகுதி மேலே எழும்பி, ஓட்டுபவரின் பக்கமாகப் பின்னோக்கிக் கவிழும். இரு சக்கர இழுவை டிராக்டரில் எடையின் பெரும்பகுதி பின் ஆக்சிலின்மேல் இருப்பதால் முன்பகுதி நாம் நினைப்பதைவிட எளிதில் எழும்பிவிடும். சேற்றிலிருந்து ஏறுவதற்காக நாம் போடும் முதல் கியரில் வேகம் குறைவு என்பதால் பலரும் அதைப் பாதுகாப்பான கியர் என்று கருதுகிறார்கள். ஆனால் முறுக்கு மிகுதியாக இருப்பது அந்தக் கியரில்தான்.

இந்தக் கவிழ்தல் எவ்வளவு விரைவாக நடக்கிறது என்பது பலருக்கும் தெரிவதில்லை. முன்சக்கரங்கள் தரையை விட்ட நேரத்திலிருந்து சுமார் முக்கால் வினாடிக்குள் வண்டி மீட்க முடியாத சாய்வை எட்டிவிடக்கூடும். ஒன்றரை வினாடிக்குள் முழுமையாகக் கவிழ்ந்துவிடக்கூடும். ஆபத்தைக் கண்டு, அது ஆபத்து என்று உணர்ந்து, காலை நகர்த்திக் கிளட்சை மிதிக்க ஒரு மனிதருக்கு ஏறக்குறைய அதே முக்கால் வினாடி தேவைப்படுகிறது. தங்கள் மகனின் கால் ஏற்கெனவே கிளட்சின்மீதோ அதற்கு மிக அருகிலோ இருந்திருக்க வேண்டும். அந்தக் காரியத்தில் அவர் சரியாகவே நடந்துகொண்டிருக்கிறார். கால் வேறெங்கேனும் இருந்திருந்தால், "குதித்துவிடு" என்று வரப்பிலிருந்து யாராவது கத்தி முடிப்பதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

இனி அந்தப் பனங்கட்டை. சக்கரத்தோடு கட்டை கட்டி ஏற்றும் வழக்கம் பல ஊர்களில் பரவியிருக்கிறது. பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு அது பலித்தும்விடுகிறது, அதனால்தான் அந்த வழக்கம் இன்னும் மறையவில்லை. கட்டை செய்யும் வேலை, சக்கரம் சேற்றில் வழுக்காமல் பிடித்துக்கொள்ளும்படி செய்வது. அதாவது, முன்பக்கத்தைத் தூக்குவதற்கு என்ன நிலை தேவையோ அதே நிலையை நாமே சங்கிலி போட்டு உண்டாக்குகிறோம். கட்டையின் முனை அடியிலுள்ள கெட்டியான மண்ணில் ஊன்றிக்கொண்டால் சக்கரம் நின்றுவிடும், உடல் எழும்பும். ஊன்றிக்கொள்ளாமல் வண்டி ஏறிவிட்டாலும், கட்டை சக்கரத்தோடு சேர்ந்து சுழன்று மேலே வந்து மட்கார்டையும் அதன் அருகில் அமர்ந்திருப்பவரையும் தாக்கக்கூடும். சக்கரத்தோடு எதையும் கட்டக்கூடாது என்பதைத் தங்கள் வீட்டில் மாற்ற முடியாத விதியாக வைத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். கேஜ் வீல் (சேற்றுழவுக்காகப் பின்சக்கரத்தோடு மாட்டும் இரும்புப் பட்டைச் சக்கரம்) மாட்டிய வண்டியானால் அதன் பட்டைகளே மண்ணை வலுவாகக் கவ்வும் என்பதால் இந்த விதி இன்னும் கண்டிப்பாகப் பொருந்தும்.

பம்பர்மீது ஏறி நின்ற பையன்களைப் பற்றித் தாங்கள் ஒரு வரியில் எழுதிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். நான் அப்படி நகர முடியாது. இரண்டு பேரின் எடை அந்த முறுக்குக்கு முன்னால் ஒரு பொருட்டல்ல என்பதை முன்சக்கரங்களே காட்டிவிட்டன. வண்டி எழும்பி இறங்கும்போது அவர்கள் விழுந்திருந்தால் விழும் இடம் முன்சக்கரங்களுக்கு நேர் முன்னே. ஒருவேளை வண்டி திடீரென்று சேற்றை விட்டு வெளியேறி முன்னே பாய்ந்திருந்தால் அவர்களைத்தான் முதலில் மிதித்திருக்கும். மட்கார்டில் உட்காருவதும், பின்னால் மாட்டும் சுழல் உழவுக் கருவியான ரொட்டவேட்டரின் மேல் ஏறி நிற்பதும் இதே வகையைச் சேர்ந்தவைதான். டிராக்டரில் ஓர் இருக்கை இருக்கிறது. ஆகவே அதில் ஒருவர்தான் இருக்க வேண்டும்.

அடுத்த முறை சிக்கினால் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். சக்கரம் ஓரிடத்தில் வழுக்கிச் சுழலத் தொடங்கியதும் ஆக்சிலேட்டரைக் கூட்டாமல் நிறுத்திவிட வேண்டும், ஏனெனில் ஒவ்வொரு சுற்றும் குழியை ஆழமாக்குவதைத் தவிர வேறொன்றும் செய்யாது. ஒரு சக்கரம் மட்டும் வழுக்கினால், சுழல்வதை நிறுத்திய பிறகு டிஃபரென்ஷியல் லாக்கை (இரு பின்சக்கரங்களும் சேர்ந்தே சுழலும்படி பிணைக்கும் அமைப்பை)ப் போட்டு நேராக நகர்த்திப் பார்க்கலாம். திருப்புவதற்கு முன் அதை விடுவித்துவிட வேண்டும். அதற்கும் நகரவில்லை என்றால் பி.டி.ஓ.வை (எஞ்சின் விசையைப் பின்னாலுள்ள கருவிக்குக் கொண்டுசெல்லும் சுழல் தண்டை) நிறுத்தி, ரொட்டவேட்டரைச் சேற்றை விட்டு விலகும் அளவுக்கு மட்டும் தூக்கி, இறங்கி வந்து, ஆக்சிலின் அடிப்பகுதி சேற்றில் படிந்திருக்கிறதா என்று பார்க்கட்டும். படிந்திருந்தால் சொந்த விசையில் வண்டி வெளியே வராது. முயன்று பார்ப்பதில் பயனில்லை.

படியவில்லை என்றால் முதலில் முயல வேண்டியது பின்னோக்கி எடுப்பதைத்தான். ரிவர்ஸில் முறுக்கின் திசை மாறிவிடுவதால் முன்பகுதி எழும்பாமல் கீழ்நோக்கி அழுத்தப்படும். தவிர, வண்டி வந்த தடம் அதைத் தாங்கிய தடம் என்பது நமக்கு ஏற்கெனவே தெரியும். எஞ்சினை நிறுத்திவிட்டு, பின்சக்கரங்களுக்குப் பின்னாலுள்ள சேற்றை மண்வெட்டியால் சரிவாக வெட்டி எடுத்து, அந்தச் சரிவில் வைக்கோலையோ தென்னை மட்டைகளையோ பரப்பலாம். பரப்புவது வேறு, கட்டுவது வேறு: பரப்பிய மட்டை சக்கரத்துக்குப் பிடிமானம் தரும், பிடிமானம் மிகுந்தால் நழுவி வெளியேயும் வந்துவிடும், கட்டிய கட்டைக்கு அந்த வழி கிடையாது. பிறகு ஆட்களை விலக்கிவிட்டுக் குறைந்த வேகத்தில், கிளட்சை மெல்ல விட்டுப் பின்னோக்கி எடுக்க வேண்டும். இரண்டு முறை முயன்றும் வரவில்லையென்றால் நிறுத்திவிடலாம். வயலின் தண்ணீரை வடித்துவிட்டு மறுநாள் காலை வரை காத்திருப்பதால் நட்டமாவது அரை நாள் உழவுதான். நாற்று காத்திருக்கிறது, ஆட்களுக்குச் சொல்லியாகிவிட்டது என்ற நெருக்கடி எனக்குத் தெரியாததல்ல. இருந்தும் இதையே சொல்கிறேன்.

வேறொரு வண்டியால் இழுப்பதானால் இருவகை ஆபத்துகள் உண்டு, அவற்றுள் ஒன்றை மட்டுமே தாங்கள் பார்த்திருக்கிறீர்கள். இழுக்கும் டிராக்டருக்கும் முன்பக்கம் தூக்கும். கயிற்றையோ சங்கிலியையோ அதன் டிரா பாரில் (வண்டியின் பின்னால், ஆக்சிலுக்குக் கீழே உள்ள இழுவைச் சட்டத்தில்) மட்டுமே மாட்ட வேண்டும். டாப் லிங்க் (உழவுக் கருவியின் மேல்பகுதியை வண்டியோடு இணைக்கும் தண்டு) மாட்டும் இடத்திலோ ஆக்சிலைச் சுற்றியோ கட்டினால், இழுவை பின் ஆக்சிலின் மட்டத்துக்கோ அதற்கு மேலோ வந்துவிடுவதால், வண்டி தன்னைத்தானே பின்னோக்கிப் புரட்டிக்கொள்ளும். கயிறு தொய்வாக இருக்கும்போது வேகமெடுத்து வெடுக்கென்று இழுப்பது கயிறு அறுவதற்கும் வண்டி புரள்வதற்கும் ஒருசேரக் காரணமாகிறது. மெல்ல நகர்ந்து தொய்வை எடுத்துக்கொண்ட பிறகே விசை கொடுக்க வேண்டும்.

நைலான் கயிறு அறுந்தபோது ஏன் அவ்வளவு வேகமாகப் பாய்ந்தது என்பதற்கும் காரணம் உண்டு. நைலான் நன்றாக நீளும். நீளும்போது இழுக்கும் வண்டியின் விசையைத் தனக்குள் சேர்த்து வைத்துக்கொள்ளும். அறுந்த அந்தக் கணத்தில், கவணிலிருந்து விடுபட்ட கல்லைப் போல, சேர்த்த அத்தனையையும் ஒரே வீச்சில் விடுவிக்கும். முனையில் இரும்புக் கொக்கி இருந்திருந்தால் அடிபட்டவருக்கு முழங்காலே இல்லாமல் போயிருக்கலாம். சங்கிலி அவ்வளவு நீளாது என்றாலும், தேய்ந்த கண்ணியோ நட்டு போல்ட்டால் இணைத்த கண்ணியோ உடைந்தால் அதன் துண்டும் பறக்கும். ஆகவே எதைக் கொண்டு இழுத்தாலும், கட்டியிருக்கும் நீளத்தைப் போல் ஒன்றரை மடங்கு தொலைவுக்குள் எவரும் நிற்கக்கூடாது. நனைத்த சாக்குகளைக் கயிற்றின் நடுவில் போட்டுவைத்தால், அறுந்தாலும் வீச்சு தணியும். சைகை காட்டுபவர் ஒரே ஒருவராக இருக்க வேண்டும். பத்துப் பேர் பத்து விதமாகக் கத்தும்போது ஓட்டுபவர் எவர் சொல்லைக் கேட்பது? வெளியே எடுத்த வண்டியைச் சாலையில் ஏற்றும் முன் கேஜ் வீலைக் கழற்றி, தனித்தனியாக இயங்கும் இடது, வலது பிரேக் பெடல்களைக் கொண்டியால் இணைத்து, பிரேக் பிடிக்கிறதா என்று மெதுவான ஓட்டத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இப்போது தங்கள் கடிதத்திலேயே எனக்கு மிக முக்கியமாகப் பட்ட வரிக்கு வருகிறேன். அந்த மூலையில் மண் எடுத்து நிரவியதாக எழுதியிருக்கிறீர்கள். நெல் வயலில் ஆண்டுக்கணக்காகச் சேற்றுழவு செய்வதால், மேலுள்ள சேற்றுக்குக் கீழே ஏறக்குறைய ஒரு சாண் ஆழத்தில் மண் இறுகி ஒரு கடினப் படுகை உருவாகிறது. தண்ணீரைக் கீழே இறங்கவிடாமல் தேக்குவதும் அதுதான். சேற்றில் இறங்கும் டிராக்டரின் சக்கரங்களைத் தாங்குவதும் அதுதான். மண் எடுத்தபோது அந்தப் படுகையை அறுத்து எடுத்துவிட்டீர்கள். பிறகு கொட்டி நிரவிய மண் மேலே பார்க்கச் சமமாக இருக்குமே தவிர, அடியில் அந்த இறுக்கம் இருக்காது. வாய்க்கால் கசிவும் சேர்ந்துகொள்ளும் மூலையில் வண்டி அமிழ்ந்ததற்குத் தங்கள் மகனின் ஓட்டும் முறை காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு. முப்பதாண்டு அனுபவமுள்ளவர் ஓட்டியிருந்தாலும் அங்கே சிக்கியிருப்பார்.

விபத்திலிருந்து கற்றுக்கொள்வது என்பதை நம் வீடுகளில் பெரும்பாலும் "இனிமேல் பார்த்து ஓட்டு" என்ற அறிவுரையோடு முடித்துக்கொள்கிறோம். அந்த அறிவுரையால் அடுத்த முறை மாறப்போவது எதுவும் இல்லை, ஏனெனில் அவர் இந்த முறையும் பார்த்துத்தான் ஓட்டினார். அன்று உடனிருந்தவர்கள் அனைவரையும் ஒருநாள் உட்காரவைத்து, யார்மீது பிழை என்ற பேச்சை ஒதுக்கிவிட்டு, எந்த நேரத்தில் என்ன தெரிந்தது, அதற்கு என்ன செய்தோம், வேறு என்ன செய்திருக்கலாம் என்று வரிசையாகப் பேசிப் பாருங்கள். கட்டை கட்டலாம் என்று சொன்னவர் நல்லெண்ணத்தில்தான் சொன்னார். அவருக்கும் காரணம் விளங்கினால் அடுத்த வயலில் அவரே தடுப்பார். பேசியதை ஒரு நோட்டில் மகன் தன் கையால் எழுதிவைக்கட்டும். சிக்கிய இடங்கள், கசிவுள்ள இடங்கள், தூர்த்த பழைய குழிகள் ஆகியவற்றை வயலின் கைப்படமாக அதிலேயே வரைந்துவைத்தால் வாடகைக்கு ஓட்ட வருபவருக்கும் பயன்படும்.

மகனை ஓட்டவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். விடலாம், விட வேண்டும் என்பதே என் கருத்து. தடுத்துவிட்டால் இந்த அனுபவம் வெறும் அச்சமாக நின்றுவிடும். ஆனால் இந்தப் பருவத்தில் அவர் தனியாகவோ இரவிலோ சேற்றில் இறங்க வேண்டாம். வரப்பில் ஒருவர் கைப்பேசியோடு இருக்கட்டும். முறையான பயிற்சி பெறுவது இன்னும் நல்லது. மத்தியப் பிரதேசத்தின் புத்னியில் 1955-ல் தொடங்கப்பட்ட மத்திய பண்ணை இயந்திரப் பயிற்சி, பரிசோதனை நிலையத்தைப் போலவே, தென் மாநிலங்களுக்காக ஆந்திரத்தின் அனந்தபூர் மாவட்டத்தில் கார்லதின்னே என்னும் ஊரில் ஒரு நிலையம் இருக்கிறது. இயந்திரம் பயன்படுத்துவோருக்கான பயிற்சி அங்கே உண்டு. அவ்வளவு தொலைவு போக இயலாவிட்டால் மாவட்ட வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் விசாரியுங்கள்.

தாங்கள் கேட்காத இரண்டைச் சுருக்கமாகச் சேர்க்கிறேன். முதலாவது, கவிழ்ந்தாலும் ஓட்டுபவரை நசுங்காமல் காக்கும்படி வண்டியில் பொருத்தும் இரும்புப் பாதுகாப்புச் சட்டம். சுவீடன் நாட்டில் 1959 முதல் புதிய டிராக்டர்கள் அனைத்துக்கும் இது கட்டாயமாக்கப்பட்டது. பழைய வண்டிகளுக்கும் பின்னர் விரிவுபடுத்தப்பட, கவிழ்ந்து இறப்பது அங்கே மிக அரிதாகிவிட்டது. நம் வயல்களில் ஓடும் பெரும்பாலான வண்டிகளில் அது இல்லை. தங்கள் வண்டியின் நிறுவனம் அந்த மாடலுக்கென்று சட்டம் தருகிறதா என்று முகவரிடம் கேளுங்கள்; பட்டறையில் குழாய் வளைத்து வெல்டிங் செய்த சட்டமும் வெயிலுக்குப் போடும் கூரையும் அதற்கு ஈடாகா. சட்டம் இருந்தால் இருக்கைப் பட்டை கட்டாயம் அணிய வேண்டும், சட்டம் இல்லாத வண்டியில் அணியக்கூடாது. இரண்டாவது, ரொட்டவேட்டருக்குப் போகும் பி.டி.ஓ. ஷாஃப்டின் உறை. நிமிடத்துக்கு 540 சுற்று என்றால் வினாடிக்கு ஒன்பது சுற்று. தோளில் கிடக்கும் துண்டின் முனையோ லுங்கியின் விளிம்போ பட்டால் வினாடிக்கு இரண்டு மீட்டர் அளவில் அது சுற்றிக்கொள்ளும். உறையைக் கழற்றி வைத்திருந்தால் மீண்டும் மாட்டுங்கள். வைக்கோலோ கொடியோ சிக்கினால் எஞ்சினை நிறுத்தாமல் யாரும் கை வைக்கக்கூடாது.

நான்கு சக்கர இழுவை வண்டியைப் பொறுத்தவரை, சேற்றில் அதன் இழுவை மேலானது என்பதிலும், முன் எடை கூடுதலாக இருப்பதால் முன்பக்கம் எழும்பும் வாய்ப்பு குறைகிறது என்பதிலும் ஐயமில்லை. ஆனால் படுகை இல்லாத மூலையில் அதுவும் புதையும். இன்னும் சிறிது தூரம் உள்ளே சென்று, அதிக எடையோடு புதையும். கடன் வாங்கி வண்டி மாற்றுவதற்கு முன், தாளடிக்கு வயலில் தண்ணீர் கட்டிச் சேறாக இருக்கும்போது, நீளமான இரும்புக் கம்பி ஒன்றை எடுத்துக்கொண்டு தாங்களும் மகனும் வயலில் இறங்குங்கள். நடு வயலில் நாலைந்து இடங்களிலும் அந்த மூலையில் நாலைந்து இடங்களிலும் ஒரே அளவு அழுத்தத்தில் கம்பியைக் குத்திப் பாருங்கள். நடு வயலில் ஒரு சாண், ஒன்றரைச் சாணில் தடைபடும் கம்பி மூலையில் முழங்கை ஆழத்துக்கு மேல் தடையின்றி இறங்கினால், குறை வண்டியில் இல்லை. கம்பி தடையின்றி இறங்கும் இடத்தைச் சுற்றி நாலு குச்சிகள் நட்டு, அதற்கு உட்பட்ட பகுதியை இந்த ஆண்டு மண்வெட்டியாலோ பவர் டில்லராலோ சேறாக்குங்கள். கோடையில் வயல் காய்ந்ததும் அந்த மூலையின் மேல்மண்ணை ஒதுக்கிவைத்து, அடிமண்ணைச் சிறுசிறு அடுக்குகளாகப் போட்டு, லேசான ஈரத்தில் ஒவ்வோர் அடுக்கையும் இறுக்கி, கடைசியில் மேல்மண்ணைப் பரப்புங்கள். வாய்க்கால் கசிவையும் அப்போதே அடைத்துவிடலாம்.